லிபர்ட்டி டானா லான்: எந்தக் காலத்து உடுப்புக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

பழைய பாணியில் உடை தைக்கிறவர்களும் பல காலத்து அச்சுகளைக் கலந்து உடுத்த விரும்புகிறவர்களும் சுற்றிச்சுற்றிக் கடைசியில் லண்டன் லிபர்ட்டி கடையின் டானா லான் என்ற மெல்லிய அச்சுப் பருத்தித் துணியில்தான் வந்து நிற்கிறார்கள். விலை கூடுதலான துணி. அந்த விலைக்குத் தகுமா என்பது தைக்கப்போகும் உடுப்பைப் பொறுத்தது. 1940களின் சட்டைக் கவுனுக்கும் 1970களின் ஸ்மாக் என்ற தொளதொளப்பான மேலாடைக்கும் இதைவிட நல்ல துணி கிடைப்பது கஷ்டம். 1930களின் உடம்போடு வழிந்து விழும் மாலைநேர கவுனுக்கு வாங்கினால் காசு வீண். பூ அழகாக இருக்கிறதே என்று முதலில் வாங்கி வைத்துவிட்டு, அப்புறம் என்ன தைக்கலாம் என்று யோசிக்கிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முதலில் துணியைப் பார்ப்போம். சாதா நெசவு, முழுப் பருத்தி. தொட்டவர்கள் பட்டு கலந்திருக்கிறது என்றே சொல்வார்கள், துளியும் கிடையாது. நீள இழைப் பருத்தியை மிக மெல்லிய நூலாக நூற்று, இடைவெளி இல்லாமல் நெய்வதால் வரும் வழுவழுப்பு அது. எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 75 முதல் 80 கிராம். குயில்ட் (துண்டுத்துணி இணைத்த போர்வை) தைக்கப் பயன்படும் வழக்கமான அச்சுப் பருத்தி இதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். மல் மாதிரித் தொய்யாது, பாப்ளின் மாதிரி விறைக்காது. நெசவு நெருக்கமாக இருப்பதால் அச்சுக் கோடு கசிந்து பரவுவதில்லை. மயிரிழை அளவுக் காம்பு, அதன் நுனியில் ஊசிமுனை அளவு மொட்டு என்று வரைந்திருந்தாலும் அப்படியே துணியில் வந்து உட்காரும். கோடுகளின் இந்தக் கூர்மைக்குத்தான் விலையில் பாதியைக் கொடுக்கிறோம்.

பெயர் எத்தியோப்பியாவின் டானா ஏரியிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் பருத்தி வந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். லிபர்ட்டியில் பருத்திக் கொள்முதலைப் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் ஹெய்ன்ஸ் டோரல் 1920-30களில் இதைக் கொண்டுவந்தார். கடை அதற்கும் அரை நூற்றாண்டு மூத்தது. ஆர்தர் லேசன்பி லிபர்ட்டி 1875-இல் லண்டன் ரீஜன்ட் தெருவில், ஜப்பானிலிருந்தும் கீழைநாடுகளிலிருந்தும் பட்டும் கலைப்பொருள்களும் தருவித்து விற்கத் தொடங்கினார். ஆர்ட் நூவோ என்ற, கொடிபோல் வளைந்தோடும் கலைப் பாணியின் வடிவங்களை அந்தக் கடை அவ்வளவு தூரம் பரப்பியதால் இத்தாலியில் அந்தக் கலைப் பாணிக்கே லிபர்ட்டி பாணி என்று பெயர் விழுந்தது.

கலவை பாணிக்காரர்களுக்கு இந்த வரலாற்றில் நேரடி லாபம் ஒன்று உண்டு. ஆர்தர் சில்வர் 1887-இல் வரைந்த மயிலிறகு ஹெரா, வில்லியம் மாரிஸ் 1883-இல் வரைந்த ஸ்ட்ராபெரி தீஃப், 1900 வாக்கில் வந்த பிரெஞ்சு ஆர்ட் நூவோ வடிவமான இயான்தி, 1933-இன் பெட்சி, வில்ட்ஷயர், சூசன் காலியரும் சாரா கேம்ப்பெல்லும் 1972-இல் வரைந்த பௌஹவுஸ் எல்லாமே ஒரே அடித்துணியில் அச்சாகி வந்திருக்கின்றன. ஒரே எடை, ஒரே சுருக்கம், ஒரே விழுகை. பல காலத்து அச்சுகளை ஒரே சட்டையில் இணைக்கும்போது பொதுவாக உயிரை வாங்குவது இந்த விஷயம்தான்: பழைய வாயில் (voile) துணி ஒரு பக்கம், புதுப் பாப்ளின் மறுபக்கம் என்று வைத்துத் தைத்தால் முதல் சலவையிலேயே ஒன்று சுருங்கி மற்றதை இழுத்துவிடும், தையல் கோடு அலையலையாக நெளியும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது.

ஆனால் ஒரு வடிவத்துக்குப் பக்கத்தில் 1883 என்று போட்டிருப்பதைப் பார்த்து அந்தக் காலத்துப் பெண்கள் இதை உடுத்தினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்ட்ராபெரி தீஃப் திரைச்சீலைக்கும் வீட்டு அலங்காரத்துக்கும் போட்ட வடிவம். துணி முழுக்க அவுரியில் நீலமாகத் தோய்த்து, வேண்டிய இடங்களில் மட்டும் வெளுத்தெடுத்து, அந்த இடங்களில் வேறு நிறங்களைக் கட்டையால் அச்சிட்ட வேலை அது. ஹெராவும் வீட்டு அலங்காரத் துணியாகத்தான் பிறந்தது. இரண்டையும் அளவைச் சுருக்கி, நிறத்தை மாற்றி உடைத்துணிக்குக் கொண்டுவந்தது பின்னால்தான். இயான்தியும் 1960களில் திருத்தி வரையப்பட்டது. காலத்துக்குச் சரியாக உடுத்த வேண்டும் என்று கறாராக இருப்பவர்களுக்கு, 1930களின் கவுன் என்றால் பெட்சி, வில்ட்ஷயர் மாதிரிச் சின்னப் பூ வகைகள்தான் சரி. ஸ்ட்ராபெரி தீஃபில் வரும் மாரிஸின் பறவைகள் அந்தக் காலத்துச் சோபாவில் இருந்திருக்கும். கலவை பாணிக்காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து கலப்பவர்கள் கலந்தால் மட்டும் கலவை பொருளோடு இருக்கும்.

இனி, எந்தக் காலத்து வெட்டுக்கு இந்தத் துணி ஒத்துழைக்கும் என்று பார்க்கலாம்.

1930களின் கிராஸ் வெட்டு கவுன்கள் கிரேப்பையும் சாட்டினையும் நம்பி வெட்டப்பட்டவை. பாரிஸ் உடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனே முழு கவுனையும் நூல் போக்குக்கு மூலைவாட்டில் (கிராஸில்) வெட்டியது, துணி தன் கனத்தாலேயே கீழே இழுத்து உடம்பில் ஒட்டும் என்பதற்காக. டானா லானுக்கு அந்தக் கனமே கிடையாது. கிராஸில் வெட்டினால் ஒட்டாது. இடுப்புக்குக் கீழே கூடாரம் மாதிரி விரிந்து நிற்கும், விளிம்பு மட்டும் ஏற்ற இறக்கமாகத் தொங்கும். அதே பத்தாண்டின் குழந்தைகளுக்கான, நெஞ்சில் சுருக்குகளைப் பூத்தையலால் பிடித்த ஸ்மாக்கிங் ஃபிராக்குக்கோ இதற்கு நிகரே இல்லை. ஸ்மாக்கிங்குக்குத் துணி அகலத்தை முடிவான அகலத்தைப்போல் மூன்றிலிருந்து நான்கு மடங்கு எடுக்க வேண்டும். கனமான துணியில் அத்தனை மடிப்பும் சேர்ந்தால் நெஞ்சில் பலகை கட்டியது போலாகும். இதில் மெத்தென்று உட்காரும்.

1940கள் இதன் சொந்த வீடு. பிரிட்டனில் 1941 ஜூனில் துணிப் பங்கீடு தொடங்கிய பிறகு மடிப்புகளுக்கும் பட்டன்களுக்கும் கூட அளவு வைத்தார்கள். வெட்டு சிக்கனமானது, தோள் சதுரமானது, பாவாடை முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. அந்தச் சட்டைக் கவுன் வெட்டில் சின்னப் பூ லான் அச்சு அசலாக நிற்கும். யோக்கிலிருந்து (தோள்பட்டைத் துண்டு) விழும் சிறு சுருக்கு, பின்னிடுப்பில் டார்ட் (மடித்துத் தைத்த பிடிப்பு), முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பட்டன் பட்டி. கையின் மேல்முனையில் வரும் சுருக்கு எழும்பி நிற்க வேண்டுமென்றால், உள்ளே 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஆர்கண்டி என்ற விறைப்பான மெல்லிய பருத்தியில் பட்டி ஒன்றைச் சுருக்கி வைத்துத் தைக்க வேண்டும். லான் தானாக அந்த எழுச்சியைத் தாங்காது.

1947-க்குப் பிந்தைய வட்டப் பாவாடைக்கு இது அரைகுறை. உள்பாவாடை இல்லாமல் போட்டால் காலோடு ஒட்டும், காற்றில் பறக்கும். உள்ளே விறைப்பான உள்பாவாடை போட்டால் சரி, ஆனால் இடுக்கமான மேற்பகுதிக்குத் தனி லைனிங்கும் அவசியம். 1960களின் நேரான ஷிஃப்ட் கவுனுக்கும் அதே கதை: ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் பாட்டிஸ்ட் என்ற மெல்லிய பருத்தித் துணியை வைத்து, ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தைத்தால்தான் வடிவம் நிற்கும். 1970களின் ஸ்மாக், பட்டை பட்டையாகச் சுருக்குவைத்த நீளப் பாவாடை, பெரிய கை இவற்றுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அளவுக் கணக்கு ஒன்று. இப்போது வரும் துணியின் அகலம் பெரும்பாலும் 136 சென்டிமீட்டர். ஜப்பானில் உரிமம் பெற்று அச்சாவது அகலம் குறைவு, 110-ஐ ஒட்டி வரும். பழைய கையிருப்பு என்று விற்பது 90 சென்டிமீட்டராக இருக்கும். பேட்டர்ன் உறையில் இருக்கும் துணி அளவு எந்த அகலத்துக்கு என்று பார்க்காமல் வாங்கினால் கை வெட்டத் துணி போதாது. 72 சென்டிமீட்டர் இடுப்புக்கு இரண்டரை மடங்கு சுருக்குப் பாவாடை என்றால் மொத்தச் சுற்று 180. முன்னொன்று பின்னொன்றாக இரண்டு துண்டு, தையலுக்கு விட்டுத் தலா 93. 136 அகலத்தில் 93 போனால் பக்கத்தில் 43 சென்டிமீட்டர் பட்டை மிஞ்சும்; பாவாடை நீளம் விளிம்பு மடிப்போடு 76 என்றால் 43-க்கு 76-ஆக இரண்டு துண்டு கையில் நிற்கும். காலர், கைப்பட்டி, பை, உள்பட்டி எல்லாம் அதிலேயே வந்துவிடும். சுருக்கை மூன்று மடங்காக்கினால் இந்த மிச்சம் வெகுவாகக் குறைந்து, காலருக்கென்று தனியாகத் துணி வாங்க நேரும். லானுக்கு இரண்டரை போதும். மூன்றுக்கு மேல் போனால் இடுப்பில் பூவே தெரியாது, நிறக் கோடுகளாகத்தான் தெரியும்.

வெட்டும் முன் துணியை ஒருமுறை அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். இது அதிகம் சுருங்கும் துணி இல்லை என்பதால் பலர் இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். துணி கொஞ்சமாகச் சுருங்கும், உள்ளே வைக்கும் ஒட்டுக் கேன்வாஸ் வேறு அளவில் சுருங்கும். காலரில் சலவைக்குப் பிறகு எழும் சிறுசிறு கொப்புளங்களுக்கு இந்த வித்தியாசம்தான் காரணம். வெளிர் நிறத் துணியில் கேன்வாஸின் பசை மேலே ஊறிப் புள்ளி புள்ளியாகத் தெரிவதும் உண்டு. ஒட்டுக் கேன்வாஸே வேண்டாம். காலருக்கும் பட்டன் பட்டிக்கும் பருத்தி ஆர்கண்டியையோ அதே லானின் இன்னொரு துண்டையோ வைத்துத் தைப்பதுதான் சரி. 1940களின் சட்டைக் காலரின் மென்மையும் அப்போதுதான் வரும். அட்டை மாதிரி நிற்கும் காலரைப் பார்த்தாலே இது இன்றைக்குத் தைத்தது என்று தெரிந்துவிடும்.

தையலில் இந்தத் துணி கேட்பது ஒன்றுதான்: எல்லாம் மெல்லியதாக இருக்க வேண்டும். ஊசி 60 அல்லது 65 எண், கூர்முனை மைக்ரோடெக்ஸ். வீட்டு மிஷினில் மாட்டியிருக்கும் 90 எண் ஊசியோடு தொடங்கினால், நெருக்கமாக நெய்த இழைகளை அது விலக்க முடியாமல் தள்ளிக்கொண்டே போகும். தையல் வரி முழுக்கச் சுருங்கிச் சுருங்கி வரும், இஸ்திரிக்கும் அடங்காது. நூலும் அதே மாதிரி. தடித்த பாலியெஸ்டர் நூல் இழுவிசையில் நீண்டு, தைத்து முடித்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பும்போது துணியையும் சேர்த்து இழுக்கும். 60 எண் பருத்தி நூல், தையல் நீளம் 2 மில்லிமீட்டர், மேல் நூல் டென்ஷனை வழக்கத்தைவிட ஒரு புள்ளி தளர்த்துவது. இவ்வளவு செய்தால் சுருக்கம் போய்விடும்.

தையல் தொடங்கும் முனையை மிஷின் பல்லுக்குள் இழுத்துக்கொள்வது இன்னொரு தொல்லை. ஜிக்ஜாக்குக்கான அகல ஓட்டைத் தகடு மாட்டியிருந்தால் இது கட்டாயம் நடக்கும். நேர்த்தையலுக்கான ஒற்றை ஓட்டைத் தகட்டை மாற்ற வேண்டும். இல்லாதவர்கள் டிஷ்யூ காகிதத் துண்டை அடியில் வைத்துத் தொடங்கி, முடிந்ததும் கிழித்துவிடலாம். குண்டூசியும் பட்டுக்குரிய அரை மில்லிமீட்டர் ஊசியாக இருக்கட்டும். தடித்த குண்டூசி போட்ட இடம் அடர்நிறத் துணியில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். தையலைப் பிரித்தாலும் அப்படித்தான். நகத்தால் நூல் போக்கில் தடவி ஆவி காட்டினால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும், ஒரே இடத்தில் மூன்றாவது முறை பிரித்தால் மூடாது.

ஓரம் முடிப்பதற்கு ஓவர்லாக் வேண்டாம். பழைய தோற்றத்தைக் கெடுப்பது மட்டும் காரணமில்லை. ஓவர்லாக்கின் மூன்று நான்கு நூல் தடிப்பு, இஸ்திரி போட்டதும் வெளிப்பக்கம் கோடாகத் தெரியும். பிரெஞ்சுத் தையல்தான் இதற்கு. 15 மில்லிமீட்டர் விட்டிருந்தால், முதலில் உள்பக்கங்களைச் சேர்த்து 7 மில்லிமீட்டரில் தைத்து, மீதியை 3 மில்லிமீட்டருக்கு நறுக்கி, ஒரு பக்கமாக இஸ்திரி போட்டு, திருப்பி, 8 மில்லிமீட்டரில் இரண்டாவது தையல். இந்த நறுக்கல் வேலையில் சோம்பினால் முதல் ஓரத்தின் பிசிர், முடிந்த தையலிலிருந்து மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. கை இணைக்கும் வளைவில் பிரெஞ்சுத் தையல் அக்குளில் தடிக்கும் என்பதால், அங்கே மட்டும் 25 மில்லிமீட்டர் அகலக் கிராஸ் பீஸால் ஓரம் கட்டுவது மேல்.

சுருக்குக்கு 4 மில்லிமீட்டர் நீளத் தையலில் இரண்டு வரி, ஓரத்திலிருந்து 6-இலும் 12-இலும். பல கையேடுகள் மூன்றாவது வரியைத் தையல் கோட்டுக்கு அந்தப் பக்கம் போடச் சொல்கின்றன. சுருக்கு சமமாக வரும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வரியின் ஊசித் தடம் வெளியில் விழும். வெளிர் நிறத்தில் பரவாயில்லை, கருநீலத்தில் தெரியும்.

காஜாவுக்கு முன் ஒரு வெட்டுத் துண்டில் போட்டுப் பார்ப்பது அவசியம். மிஷினின் வழக்கமான அடர்த்தி இந்த மெல்லிய துணியில் வெட்டிவிடும் அளவுக்கு நெருக்கம். கொஞ்சம் தளர்த்தி, உள்ளே ஆர்கண்டி இருக்கிறதா என்று பார்த்துப் போட வேண்டும். பட்டன் 11 மில்லிமீட்டர் குறுக்களவில் இருந்தால் அளவாக இருக்கும். பழைய பட்டன் தேடிப் போடுகிறவர்கள் அதிகம், அதில் கவனிக்க வேண்டியவை உண்டு. கண்ணாடி பட்டன் கனத்தால் பட்டியே முன்னால் குனியும். பின்பக்கம் சின்னத் தட்டைப் பட்டன் ஒன்றை வைத்து இரண்டையும் சேர்த்துத் தைத்தால் இழுவிசை பரவும். பாலிலிருந்து செய்த கேசின் பட்டன்கள் தண்ணீரில் ஊறி உப்பும், வெடிக்கும். சலவைக்கு முன் கழற்றும் வகையில் ஊக்கு வளையத்தால் மாட்டுவதுதான் வழி. செல்லுலாய்ட் பட்டன் மேல் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகவே கூடாது, அது தீப்பிடிக்கும் பொருள். சிப்பி பட்டன் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். கனம் இல்லை, தண்ணீரைப் பற்றிய பயமும் இல்லை.

அச்சுகளைக் கலப்பதில் வாங்குகிறவர்கள் தடுமாறும் இடம், பூவின் அளவை நெருக்கத்தில் மட்டும் பார்ப்பது. கேப்பெல், பெப்பர் மாதிரிச் சின்ன வடிவங்கள் கையில் பிடித்தால் பூ, மூன்று மீட்டர் தள்ளி நின்றால் ஒற்றை நிறம். வில்ட்ஷயரின் இலையும் கனியும் அந்தத் தூரத்தில் மேகம் மாதிரிக் கலங்கித் தெரியும், வடிவம் பிடிபடாது. ஹெராவும் ஸ்ட்ராபெரி தீஃபும் அறையின் அந்தக் கோடியிலிருந்தும் தங்களைக் காட்டிக்கொள்ளும். ஒரே உடுப்பில் மூன்றைக் கலப்பதென்றால் இந்த மூன்று நிலையிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்தால் சண்டை வராது. வில்ட்ஷயர் அளவில் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்றே தெரியாது, தவறுதலாக வெட்டியது போலிருக்கும். துண்டுகளை அடுக்கி, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால் உடனே தெரியும்: படத்தில் எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தால் கலவை மந்தமாகத்தான் நிற்கும், ஒன்றாவது அடர்த்தியிலோ வெளிர்ப்பிலோ விலகி இருக்க வேண்டும்.

நிறப் பொருத்தத்தில் பூவின் நிறத்தைவிட அடி நிறம் முக்கியம். பழைய வடிவங்களில் பலவற்றுக்குப் பாலாடை நிற அடி. புதிதாக நிறம் மாற்றியவற்றில் பளீர் வெள்ளை. இந்த இரண்டு வெள்ளையையும் பக்கத்தில் வைத்தால் பாலாடை நிறம் அழுக்காகத் தெரியும். சிவப்பும் ஊதாவும் பச்சையும் எப்படி வேண்டுமானாலும் கலக்கட்டும், அடி வெள்ளைகள் ஒரே குடும்பமாக இருந்தால் போதும். மாங்காய் வடிவத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். காஷ்மீர் சால்வையிலிருந்து கிளம்பி ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர்த் தறிகள் வழியாக உலகம் சுற்றிய வடிவம் அது. பூவோடும் சேரும், கோட்டோடும் சேரும். இரண்டு அச்சுகள் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் சின்ன மாங்காய் அச்சில் ஒரு பட்டி வைத்துப் பார்க்கலாம்.

திசை உள்ள அச்சுகளில் கவனம் தேவை. ஸ்ட்ராபெரி தீஃபின் பறவைகளுக்குத் தலை மேலே கால் கீழே. துண்டுகளைத் தலைகீழாகப் போட்டுத் துணியை மிச்சப்படுத்த முடியாது. கூடுதலாக 15 முதல் 20 விழுக்காடு வாங்க வேண்டும். பட்டன் பட்டியில் பறவை பாதியாக வெட்டுப்படுவதைத் தவிர்க்க, பட்டியைத் தனித் துண்டாக வெட்டாமல் முன்பக்கத்தோடு சேர்த்தே வெட்டி மடிக்கும் பேட்டர்னாகத் தேர்ந்தெடுத்தால் வேலை பாதி குறையும். கழுத்தில் முடிச்சுப் போடும் நீளப் பட்டையை இரண்டடுக்காகத் தைக்க வேண்டும். பின்பக்கம் அச்சு வெளிறித்தான் இருக்கும், ஒற்றை அடுக்கில் முடிச்சுப் போட்டால் அந்தப் பின்பக்கம்தான் நெஞ்சில் தெரியும்.

துணியின் உண்மையான குறைகள் மூன்று. கசங்கும், உட்கார்ந்து எழுந்தால் மடியில் கோடு. வெளிர் அடியில் உள்ளாடை தெரியும். இறுக்கமான உடுப்பில் தையல் ஓரத்தில் இழை விலகும், குறிப்பாக முதுகுக்குக் குறுக்கேயும் அக்குளிலும். கடைசிக் குறைக்கு மருந்து பேட்டர்னில் இருக்கிறது: முதுகில் குறைந்தது 6 சென்டிமீட்டராவது தளர்வு வேண்டும். 1950களின் பழைய பேட்டர்ன்களில் மேற்பகுதி ஒட்ட வெட்டியிருக்கும், அப்படியே எடுத்தால் லான் தாங்காது. பேன்ட் தைக்க இதைக் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில், வேண்டாம்.

சலவை எளிது. 30 டிகிரி, உள்பக்கம் வெளியே திருப்பி, நிழலில் காயவைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி. அடர்நிறத் துணியில் காலர் மடிப்பும் கைப்பட்டி விளிம்பும் முதலில் வெளுப்பது உரசலால்தான். திருப்பிப் போட்டுத் துவைத்தால் அது தள்ளிப்போகும். சலவைத்தூளில் மட்டும் ஒரு எச்சரிக்கை. வெண்மை கூட்டும் ஒளிரும் பொருள் சேர்த்த தூள் பாலாடை நிற அடியை நாளடைவில் நீலம் பாய்ந்த வெள்ளையாக்கிவிடும். பழைய தோற்றத்தின் உயிரே அந்த மங்கிய அடியில் இருக்கிறது. நிறத் துணிக்கென்று வரும் திரவம் போதும்.

மாற்றுத் துணிகளோடு வைத்துப் பார்த்தால், விழுகை வேண்டிய 1940களின் மாலை கவுனுக்கு ரேயான் கிரேப்தான் அசல். ஆனால் நனைந்தால் விஸ்கோஸ் பாதி வலிமையை இழக்கும், சுருக்கமும் அதிகம். 1930களின் அமெரிக்க மாவுச் சாக்குத் துணியில் அச்சான பூக்களை நகல் எடுத்து வரும் குயில்ட் பருத்தியில் அச்சு அருமை, உடுப்பாகத் தைத்தால் விறைப்பு. அசல் பழைய துணிக்கு ஈடு எதுவும் இல்லை என்பது சரிதான். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மடிப்புக் கோட்டில் இழை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஓரத்தில் குறுக்கு நூலை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். கிழியும் சத்தம் வந்தால் அந்தத் துணி சட்டமிட்டு மாட்டத்தான் ஆகும்.

டானா லானிலேயே ஒரு முரண் இருக்கிறது. அச்சு இவ்வளவு கூர்மையாகவும் துணி இவ்வளவு வழுவழுப்பாகவும் இருப்பதால், பழைய வடிவமாக இருந்தாலும் உடுப்பு புத்தம் புதிதாகத்தான் தெரியும். பழமை வெட்டிலிருந்து வர வேண்டும்: இடப்பக்கத் தையலில் வைத்த ஜிப் அல்லது பிரஸ் பட்டன், கையால் தைத்த 5 சென்டிமீட்டர் விளிம்பு, சிப்பி பட்டன், ஆர்கண்டி வைத்த காலர். முதுகில் பிளாஸ்டிக் ஜிப்பும் ஓவர்லாக் ஓரமும் வைத்துவிட்டு வில்ட்ஷயரை மட்டும் நம்பினால், அது பூப்போட்ட சாதாரண கவுன்தான்.

வாங்கும்போது துணியின் கரையைப் பார்க்க வேண்டும். லிபர்ட்டியின் பெயர் அங்கே அச்சாகியிருக்கும். லிபர்ட்டி பூ, லிபர்ட்டி மாதிரி என்று சொல்லி விற்பவை வேறு துணி, தொட்டாலும் கோடுகளின் கூர்மையைப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். கரை வெட்டிய துண்டுகளை அசல் விலைக்கு வாங்க வேண்டாம். பெட்சி, கேப்பெல், வில்ட்ஷயர் போன்ற நிலையான வகைகள் வருடா வருடம் வரும். பருவத்துக்கென்று வரும் வடிவங்கள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அந்த வகையில் கை வைப்பதாக இருந்தால் கவுனுக்கு வேண்டியதோடு அரை மீட்டர் சேர்த்து ஒரே தானிலிருந்து ஒரே தடவையில் வெட்டி வாங்க வேண்டும். அடுத்த தடவை அச்சாகும்போது நிறம் ஒரு நூல் மாறி வரலாம். முன்பக்கம் ஒரு தானிலும் கை இன்னொரு தானிலும் வெட்டினால் பகல் வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் தெரியும்.